குன்னூர்க் குளிருக்குத் தப்பி மட்டாஞ்சேரியில் சைக்கிள் பழகிய கதை

குன்னூரில் டிசம்பர் பிறந்துவிட்டால் என் கால்களுக்கு விடுமுறை. காலை ஒன்பது மணிவரை கம்பளிக்குள், பிறகு அடுப்படியில், பிறகு மறுபடி கம்பளிக்குள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவரை பனியோ மழையோ பஸ்ஸைப் பிடிக்க ஓடியே ஆக வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு அந்த ஓட்டமும் நின்றுவிட்டது. இப்போது வயது அறுபத்து மூன்று. மூட்டுத் தேய்மானம் வேறு.

போன ஜனவரியில் ஒரு மதியம் மூன்று மணிக்கு, அடுப்பு மேடைக்குக் கீழே உருண்டுபோன டப்பா மூடியை எடுக்கத் தரையில் உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. வலி என்றுகூடச் சொல்ல மாட்டேன். கால் என் பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். கூடத்தில் செல்போன் அடித்து அடித்து ஓய்ந்தது. தரையின் குளிர் இடுப்புவரை ஏறியது. ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டு மேரி உறைமோர் கேட்டு வந்தாள். கதவைத் தாழிடாமல் விட்டிருந்ததால் பிழைத்தேன்.

அன்று இரவே மேரி வழியாகச் சென்னையில் இருக்கும் என் மகனுக்குச் செய்தி போய்விட்டது. உடனே கிளம்பி வரச் சொன்னான். சண்டை போட்டு ஒரு வருடம் தவணை வாங்கினேன். அடுத்த குளிர்காலமும் இப்படியே முடங்கினால், மார்ச்சில் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்குப் போய்விட வேண்டும் என்று ஒப்பந்தம். அங்கே எனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார்கள். ஆனால் நாற்பது வருடம் வாழ்ந்த வீட்டை ஒரு டப்பா மூடிக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனம் இல்லை.

எலும்பு டாக்டர், சரிவில் இறங்கி இறங்கி நடப்பதைவிடச் சைக்கிள் மிதிப்பது மூட்டுக்கு நல்லது என்றார். அவர் சொன்னது வீட்டுக்குள் நிறுத்தி வைத்து மிதிக்கும் சைக்கிளை. ரோட்டிலிருந்து என் வீட்டுக்கு ஐம்பத்தெட்டுப் படி இறங்க வேண்டும். அதை யார் தூக்கிக்கொண்டு வருவது? சமதரையும் வெயிலும் இருக்கிற ஊருக்குப் போய் நிஜ சைக்கிளே ஓட்டினால் என்ன என்று தோன்றியது. ஒரே சிக்கல், எனக்குச் சைக்கிள் தெரியாது. மலையில் பிறந்த பெண்களில் பலர் என்னைப் போலத்தான். ஏற்றத்தில் தள்ளவும் இறக்கத்தில் அலறவும் யார் சைக்கிள் வாங்குவார்கள்?

எக்ஸ்சேஞ்ச் தோழி ஒருத்தியின் தங்கை நூர்ஜஹான் மட்டாஞ்சேரியில் இருக்கிறாள். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். கணவருக்குச் சந்தையில் அரிசிக் கடை. மாடி அறையை வாடகைக்கு விடுகிறார்கள், சாப்பாட்டோடு நாளுக்கு எண்ணூறு ரூபாய். அவளே தினமும் சைக்கிளில்தான் கடைக்குச் சோறு கொண்டுபோகிறாள் என்று தெரிந்ததும் பதினாறு நாளுக்கு அறையைச் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் முதல் வாரம். காலை ஆறு மணிக்குக் குன்னூரில் பஸ், ஒன்பதுக்குள் கோவை. அங்கிருந்து எர்ணாகுளத்துக்கு ரயிலில் நாலு மணி நேரம். சவுத் ஸ்டேஷனிலிருந்து படகுத் துறைக்கு ஆட்டோ அறுபது ரூபாய். பிறகு அரசுப் படகு; டிக்கெட் பத்து ரூபாய்க்குள், பயணம் அரை மணிக்குள். வில்லிங்டன் தீவின் கிடங்குகளைத் தாண்டும்போதே நான் ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் காதைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். "எந்தொரு தணுப்பாணு, அல்லே?" என்றார் என்னிடம். இருபத்தைந்து டிகிரிக்குக் குறையாது, அவருக்கு அது குளிராம். நானும் ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். ஊரோடு ஒத்துப்போக வேண்டுமே.

மறுநாளே வாடகைச் சைக்கிள் வந்துவிட்டது. நாள் வாடகை நூற்றைம்பது. இரண்டு வாரத்துக்கு என்று பேசி ஆயிரத்து ஐந்நூறுக்கு முடித்தோம். நூர்ஜஹான் சுபுஹு என்கிற விடிகாலைத் தொழுகையை முடித்துக்கொண்டு ஆறேகாலுக்குக் கீழே வந்து நிற்பாள். பஜார் ரோட்டில் லாரிகள் வருவதற்கு முன்னால், பூட்டிய கிடங்குகளின் முன்னே எங்கள் பள்ளிக்கூடம். சுக்கும் மிளகும் கலந்த வாசனை அந்த நேரத்திலேயே மூக்கில் ஏறும். அவள் சீட்டைப் பிடித்துக்கொள்வாள், நான் மிதிப்பேன், பத்தடியில் சாய்வேன், அவள் தாங்குவாள். மூன்று நாள் இதே கூத்து.

நாலாம் நாள் என்னை நிறுத்தி முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க எந்தா சக்கரத்தையே பாத்துட்டு இருக்கீங்க?"

"பின்னே எங்கே பார்க்கிறது?"

"தூரத்துல பாருங்க. அந்தப் பச்சைக் கதவு தெரியுதில்ல, அதைப் பாருங்க. எங்க பாக்கறீங்களோ சைக்கிள் அங்கதான் போகும். பேடிக்காதீங்க, நான் இல்லியா?"

எனக்குச் சுரீரென்றது. நாங்கள் மலைக்காரர்கள், நடக்கிறபோது காலடியைத்தான் பார்ப்போம். படி ஈரமா, பாசியா, பனி உறைந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே கழுத்து வளைந்துவிட்டது. பேடி என்று அவள் சொன்ன அந்தப் பயம் எனக்கு எப்போதிலிருந்து என்று யோசித்தபடி சாயா குடித்தேன். முட்டி வலித்ததால் நான் வீட்டுக்குள் முடங்கவில்லை. விழுந்துவிடுவேனோ என்றுதான் முடங்கினேன். முடங்கியதால் கால் இன்னும் கெட்டது. டாக்டரிடம்கூட இதைச் சொன்னதில்லை. வலிக்கிறது என்று சொல்வது சுலபமாக இருந்தது.

ஏழாம் நாள் பச்சைக் கதவுவரை தனியாகப் போனேன். நூர்ஜஹான் கைதட்ட, ஷட்டர் திறந்துகொண்டிருந்த ஒரு சேட்டனும் சேர்ந்து தட்டினார். அறுபத்து மூன்று வயதில் நடுத்தெருவில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம்.

பதினோராம் நாள் அவள் ஒரு கல்யாணத்துக்காகப் பாலக்காடு போயிருந்தாள். "நான் வராம வண்டி எடுக்கண்டா அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். எடுத்தேன். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கொச்சியில் நவம்பர் முதல் ஜனவரிவரை கடல் ஏற்றம் அதிகம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி விடிகாலையில் ஓடை வழியாக உப்புத் தண்ணீர் தெருவுக்கே ஏறிவிடும். வானத்தில் ஒரு மேகம் இருக்காது, தெருவில் கணுக்கால் தண்ணீர் நிற்கும். வேலியேற்றம் என்கிறார்கள். ஒரு சந்தில் திரும்பியதும் அந்தத் தண்ணீரைப் பார்த்தேன். பார்த்ததுதான் தப்பு. சைக்கிளும் அங்கேயே போனது.

சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அடி பெரிதாக இல்லை. ஆனால் தரையில் உட்கார்ந்திருக்கிறேன், இடுப்பு நனைந்திருக்கிறது, பக்கத்தில் ஒருவரும் இல்லை. போன ஜனவரி அப்படியே திரும்பி வந்துவிட்டது. ஒரு நிமிஷம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு, விழுந்தால் எழுவது எப்படி என்று எலும்பு டாக்டரின் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிப் பெண் கற்றுக்கொடுத்தது ஞாபகம் வந்தது. ஒருக்களித்துத் திரும்பினேன். கையை ஊன்றி முட்டி போட்டேன். தவழ்ந்துபோய் ஒரு கடையின் வாசற்படியைப் பிடித்தேன். வலது பாதத்தை முன்னால் வைத்து, மூச்சைப் பிடித்து ஒரு தம் கட்டினேன். பத்து நாளாக மிதித்த தொடை. அது என்னைத் தூக்கிவிட்டது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அறைக்கு வந்து, துணி மாற்றாமலே மகனைக் கூப்பிட்டேன்.

"டேய், தெருத் தண்ணியில கீழே விழுந்துட்டேன்டா."

"ஐயோ, எங்கம்மா? அடி பட்டுச்சா? யாரு தூக்கிவிட்டாங்க?"

"யாரும் தூக்கல. நானே எழுந்துட்டேன்."

"நீயேவா?" என்று இரண்டு தடவை கேட்டான். "சரிம்மா, போய் ஈரத்தை மாத்து" என்றான்.

நூர்ஜஹான் திரும்பி வந்து திட்டித் தீர்த்தாள். மிச்ச நாட்கள் அவளோடுதான் ஓட்டினேன்.

என்னைப் போலக் குளிர்காலத்தில் கட்டிலோடு கிடக்கிறவர்கள் கிளம்புவதானால் சில வார்த்தை. டாக்டரைக் கேட்காமல் சைக்கிளைத் தொடாதீர்கள். குறுக்குக் கம்பி இல்லாத வண்டியாக எடுங்கள். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும். புடவை வேண்டாம், சுடிதார் நல்லது. பஜார் ரோட்டில் ஏழே காலுக்கு மேல் லாரிகளுக்குத்தான் மரியாதை, அதற்குள் முடித்துவிடுங்கள். பௌர்ணமி, அமாவாசை எப்போது என்று காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டுவரை அறை வாடகை இரட்டிப்பாகும். எனக்குப் போக்குவரத்து உட்பட பதினேழாயிரம் ஆனது. தனியாக ஓட்டிப் பார்க்கலாமே என்று தோன்றினால், நூர்ஜஹான் சொன்னதைக் கேளுங்கள், நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

இப்போது குன்னூரில்தான் இருக்கிறேன். ஜனவரிப் பனி ஜன்னலில் படிந்திருக்கிறது. இங்கே சைக்கிள் ஓட்ட வழியில்லை, அது முதலிலேயே தெரியும். அதனால் தினமும் காபிக்கு முன்னால் அடுப்படித் தரையில், அதே இடத்தில் உட்கார்ந்து எழுகிறேன். முதல் தடவை கஷ்டம்தான், மேடையைப் பிடித்துக்கொள்வேன். ஐந்தாவது தடவைக்குள் கால் சூடேறிவிடும். ஒன்பது மணிக்கு மகன் கூப்பிடுகிறான். முன்பெல்லாம் சாப்பிட்டாயா என்று ஆரம்பிப்பான். இப்போது, "உட்கார்ந்து எழுந்தியாம்மா?" என்கிறான். மார்ச் மாதத்தைப் பற்றி இதுவரை அவன் பேச்செடுக்கவில்லை.