குடும்பக் குழுவில் என் ரத்தம்

குழந்தை உண்டாவதற்கான சிகிச்சை பலிக்குமா என்று முன்கூட்டியே கணிக்க, போன வாரம் மதுரையில் என் ரத்தத்தை எடுத்தார்கள்.

முடிவு இன்றுதான் எனக்குத் தெரிந்தது. அருப்புக்கோட்டை பஸ்ஸில். காரியாபட்டியில் ஏறிய சின்ன மாமியார் சொல்லி.

"ஏத்தா, ரத்தத்துல நம்பர் கம்மியாம்ல? இனி அம்புட்டுதானா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

மருத்துவமனை முடிவைக் கணவரின் போனுக்கு அனுப்பியிருக்கிறது. அவர் அதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறார். நான் சத்தத்தை அணைத்து வைத்திருக்கும் குழு.

திறந்து பார்த்தேன். வரிசையாக அழும் முகங்கள், கைகூப்பல்கள். 'கருமுட்டை இருப்பைக் காட்டும் எண் குறைவு, ஆனாலும் முயலலாம்' என்று டாக்டர் கீழே எழுதியிருந்ததை ஒருவரும் படிக்கவில்லை.

"நம்ம ஆளுகதானே, தெரிஞ்சா என்ன?" என்றார் பக்கத்திலிருந்த கணவர்.

"உங்களையும் டெஸ்ட்டுக்கு வரச் சொல்லி ஆறு மாசமாச்சே?"

"மெதுவாப் பேசு. பஸ்ஸுல ஆளுக இருக்காக."

"ஆம்பளைக்கு எதுக்குத்தா டெஸ்ட்டு?" என்றார் சின்ன மாமியார்.

குழுவில் எழுதினேன்: 'திங்கட்கிழமை இவுகளுக்கும் டெஸ்ட்டு. ரிசல்ட்டு இங்கேயே வரும்.'

அதற்குப் பிறகு அங்கே ஒரு கைகூப்பல்கூட இல்லை.

கணவர் மட்டும் அழிக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நீங்களே சொல்லுங்கள், அழிக்கவா?