வெறுங்கைத் தங்கச்செல்வி

என் மனைவி தங்கச்செல்வியைப் பற்றி நானே பெருமையாகச் சொன்னால் பொண்டாட்டிதாசன் என்று ஊரில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எம்.ரெட்டியபட்டியில் கரண்டு இல்லாத காட்டுக்குள் நின்று இரும்புக் கம்பியை அறுத்தவள் வேறு யாராவது இருந்தால் காட்டட்டும், வாயை மூடிக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவளுடைய தம்பி மாதவன் துபாயிலிருந்து ஒரு பாட்டரி ரம்பம் கொண்டுவந்தான். வயர் கிடையாது. பிடியில் பாட்டரியைச் செருகி விசையை அமுக்கினால் நீளமான அலகு முன்னும் பின்னும் ஓடி அறுக்கும். அதை எனக்குத்தான் கொண்டுவந்தான். எடுத்த எடுப்பில் முருங்கைக் கிளையில் வைத்தேன். அது என்னைப் பிடித்து உலுக்கிய உலுக்கில், இறக்கி வைத்துவிட்டுப் பேசாமல் பருத்தி லோடு ஏற்றப் போய்விட்டேன். செல்வி எடுத்தாள். ரம்பத்தின் மூக்கிலிருக்கும் இரும்புத் தகட்டை மரத்தோடு ஒட்ட அழுத்திப் பிடித்தால் உலுக்காது என்று அன்று சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டாள்.

அதுவரை களையெடுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவள், சீமைக்கருவேல வேலி, பழைய வீட்டுச் சட்டம், துருப்பிடித்த குழாய் என்று அறுப்பு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். பாளையம்பட்டியிலிருந்துகூட ஆள் தேடி வந்தது. ரம்பத்தை அவள் பார்த்துக்கொண்ட மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டதில்லை. வேலை முடிந்ததும் முதலில் பாட்டரியைக் கழற்றுவாள். அலகு மாற்றும்போதும் அப்படித்தான். பல் தேய்க்கிற பழைய பிரஷ்ஷால் தூசியைத் தட்டுவாள். சூடாக இருக்கும் பாட்டரியைச் சார்ஜில் போடமாட்டாள், நிழலில் ஆறவைப்பாள். நான் வேர்த்து விறுவிறுத்து வந்தால் ஒரு விசிறி கிடையாது.

சேலைக்கு மேல் என் சட்டையைப் போட்டுப் பொத்தானை மாட்டி, தாலிச் சரட்டை உள்ளே விட்டு, வெல்டிங் பட்டறைக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு அவள் புறப்பட்டதை ஊர் பொறுத்துக்கொண்டது. வளையலைக் கழற்றியதைத்தான் பொறுக்கவில்லை. வளையல் ஒரு கிளையில் மாட்டி இழுத்தால் கை நேராக அலகுக்குப் போய்விடும் என்பது அவள் கணக்கு. வேலை முடிந்தால் திரும்பப் போட்டுக்கொள்வாள். ஆனாலும் புருஷன் உயிரோடிருக்க வெறுங்கை ஆகுமா?

அதிகம் பேசியது பிச்சையம்மாள் மதினி. என் பெரியப்பா மகன் பால்சாமி அண்ணனின் மனைவி. குழாயடியில் எல்லார் காதும் கேட்கச் சொன்னது: "புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில மொட்டக்கையோட திரியிறாளே, ஆண்டிச்சாமிக்கு ஒண்ணுன்னா இவளா பொறுப்பு?"

குத்துக்கல் நான்தான். சொந்தத்தில் ஒரு வளைகாப்பில் செல்வியைச் சந்தனம் பூசக் கூப்பிடவில்லை. ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"வளையலப் போட்டுக்கிட்டே அறுத்துத் தொலையேன்" என்றேன்.

"கை இருந்தாத்தானங்க வளையல் போட? ஊருக்காகக் கையக் குடுக்க முடியாது" என்றாள்.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம், பால்சாமி அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். அவர்களுடைய கறவைப் பசு காட்டில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற டீசல் இன்ஜின் ரூம் ஜன்னலுக்குள் தலையை விட்டு, உள்ளே கிடந்த பருத்திக்கொட்டையைத் தின்றிருக்கிறது. திரும்ப எடுக்கப் பார்த்தால் கொம்பு ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டது. முன்னங்கால் வழுக்கி, உடம்பின் பாரமெல்லாம் கழுத்தில் இறங்கிவிட்டது. நாங்கள் போனபோது நாக்கு வெளியே தொங்கியது. அந்தக் குடும்பமே அந்தப் பசுவின் பாலில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கம்பியை வெட்ட வெல்டிங் பட்டறைக்காரன் அருப்புக்கோட்டையிலிருந்து வரவேண்டும். வந்தாலும் நெருப்பைக் கழுத்துக்கிட்டே கொண்டுபோக முடியாது.

செல்வி வளையலைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டாள். நான்கு பேரை விட்டுப் பசுவின் நெஞ்சுக்கடியில் சாக்கைக் கொடுத்துத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். நனைத்த சாக்கு ஒன்றைக் கழுத்துக்கும் கம்பிக்கும் நடுவே திணித்தாள். இரும்புக்கான சின்னப் பல் அலகை மாட்டி, பிறகே பாட்டரியைச் செருகினாள். கொம்பு மாட்டிய கம்பியின் மேல் முனை சுலபமாக அறுந்தது. கீழ் முனை கழுத்துக்குப் பக்கம். அங்கே ரம்பத்தை வைத்ததும் பசு மிரண்டு தலையை வீசியது. செல்வி நிறுத்திவிட்டாள்.

"நிறுத்தாதத்தா! செத்துரும்!" என்று கத்தினார்கள்.

"ஆடுற பொருள அறுக்க மாட்டேன். யாராச்சும் கொம்பப் பிடிங்க" என்றாள்.

யார் பிடித்தும் அது அடங்கவில்லை. மதினி கைக்கு மட்டும்தான் அது அடங்கும். மதினி ஓடிவந்து பக்கத்துக் கம்பி இடுக்கில் கையை விட்டு, கொம்பைப் பிடித்துக் கன்னத்தைத் தடவியது. பசு நின்றது. முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல், அலகுக்கு ஒரு சாண் தூரத்தில்.

செல்வி விசையிலிருந்து விரலை எடுத்தாள்.

"அக்கா, வளையலோட உங்க கை அங்க இருந்தா நான் அமுக்க மாட்டேன்."

மதினி அவளைப் பார்த்தது. எதிரே சாக்கைத் தூக்கிக்கொண்டு நின்ற அண்ணனைப் பார்த்தது. பசு மூச்சுக்குத் திணறியது. கையை வெளியே உருவி, எச்சிலைத் தடவி, தோல் சிவக்கச் சிவக்க ஒவ்வொரு வளையலாகக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டது. பிறகு வெறுங்கையை உள்ளே விட்டது.

"இப்ப அறு."

செல்வி தகட்டைக் கம்பியோடு அழுத்தினாள். சூடு பசுவுக்குப் பட்டுவிடாமல் நான் தண்ணீர் ஊற்றினேன். கம்பி கழன்று உள்ளே விழுந்தது. மதினி கொம்பைத் திருப்பி விட, பசு பின்னால் நகர்ந்து மண்டியிட்டு, கொஞ்ச நேரம் இழுத்து இழுத்து மூச்சுவிட்டு எழுந்து நின்றது. கம்பியை எடுக்கப் போனவனை, "தொடாதீக, சுடும்" என்று தடுத்துவிட்டுச் செல்வி பாட்டரியைக் கழற்றினாள்.

மதினி பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதது. அழுது முடித்து முகத்தைத் துடைக்கும்போதுதான் தன் கையைக் கவனித்தது. கூட்டம் முழுக்க அந்தக் கையைத்தான் பார்த்தது. மதினி அண்ணனைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தது.

"என்னய்யா பாக்கீக? அவுகளுக்கு என்ன, நல்லாத்தான நிக்காக!"

அண்ணன் உட்படக் கூட்டமே சிரித்தது. செல்வி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது என் பையிலிருந்த வளையலை எடுத்து நீட்டினேன். வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்கிறேன் என்றாள். ரம்பப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். ஊருக்கு நடுவே, கடைத்தெரு வழியாக, கையை வீசிக்கொண்டு என் மனைவி முன்னால் போனாள்.