பாலு டயரில் காற்று இல்லாத ரேஸ்

பாலு போய்ட்டான்.

காலையில் அவன் மகள் போன் பண்ணினாள். "அங்கிள், அப்பா தவறிட்டாரு..." எனக்கு முதலில் அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"நீதான் ஜெயிச்ச." இந்த ஒரு வார்த்தையை அவன் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று வாலிபத்திலிருந்து காத்திருக்கிறேன். சொல்லாமலே போய்விட்டான் பாவி.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சி காலம், காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த சமயம். கோலசிலாங்கூர் பக்கம் ஒரே தோட்டத்தில், ரப்பர் பால் ஸ்டோரில் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை. இரண்டு பேருக்கும் சைக்கிள் பைத்தியம்.

பாலு ஒல்லி. "மலை ஏறதுக்கு வேகந்தான்டா வேணும், பலம் எதுக்கு?" என்பான். மட்கார்டு, கேரியர், மணி எல்லாவற்றையும் கழற்றி எறிந்து சைக்கிளை எலும்பும் தோலுமாக்கி வைத்திருந்தான்.

நான் பால் டின் சுமந்த உடம்பு. அழுத்தி மிதித்தால் எந்த மேடும் ஏறும் என்பது என் கட்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தீர்த்துக்கொள்ளலாம் என்று முடிவு. இடம் புக்கிட் மலாவத்தி குன்று... இப்போது நீங்கள் குரங்குகளோடு செல்ஃபி எடுக்கிற அதே பார்க்தான். கலங்கரை விளக்கு வரை ஏற்றம், மறுபக்கம் இறக்கம். மூன்று சுற்று.

தோட்டத்துக் கேட்டிலேயே சனியன் பிடித்தது.

அப்போது நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி. காட்டில் ஒளிந்திருக்கிறவர்களுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி அரிசியைக்கூட வெளியே விடமாட்டார்கள். சட்டைப் பை, சீட்டுக்கு அடி, பம்பு எல்லாம் பார்ப்பார்கள். கேட்டில் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், இது கைப்பிள்ளைக்கும் தெரியும்.

காவல்காரர் பாலுவின் டயரை அமுக்கிப் பார்த்து, "உள்ளுக்கு என்னா?" என்றார்.

"ரெண்டு படி அரிசிண்ணே. முன்னால ஒரு படி, பின்னால ஒரு படி."

அவ்வளவுதான். இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கி, டியூபை உருவி, பம்பைப் பிரித்து... பம்பு வாஷர் புல்லில் எங்கோ விழுந்து தொலைந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டு நின்றேன்.

"இந்தா, என் பம்ப எடுத்து அடிலா."

"எதிராளி பம்பு எனக்கு வேணாம்."

கேட்டீர்களா கதையை! லயத்துக்குத் திரும்பி ஓடி, கிழிந்த துணியில் தேங்காய் எண்ணெய் தடவி, அதை வாஷராகச் சுற்றி அடித்தான். பாதிக் காற்றுதான் ஏறியது. வழியெல்லாம் கெஞ்சிப் பார்த்தேன், கேட்கவில்லை.

மலையில் நான் ஜெயித்தேன். பைப்பில் தண்ணீர் குடித்து, முகம் கழுவி, சட்டையைக் காயப்போட்ட பிறகுதான் ஐயா வந்து சேர்ந்தார்.

வந்ததும், "காத்து இல்ல. இது செல்லாது. இன்னொரு சுத்து வா."

போனேன். அதிலும் தோற்றான். "இன்னும் ஒண்ணே ஒண்ணு..." என்றான். இப்படியே கர்ஃபியூ நேரம் தாண்டிவிட்டது. பாதி வழியில் போலீஸ் பிடித்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

நான் வருகிற போகிற போலீஸுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருக்கிறேன். இவன் கார்ப்பரலிடம் நியாயம் கேட்கிறான்.

"ஐயா, நீங்களே சொல்லுங்க. காத்தில்லாத டயரு. அது ஒரு ரேஸா?"

கார்ப்பரல் என்னைப் பார்த்தார். "இவன் எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவும் இப்படித்தாங்கய்யா."

மறுநாள் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி இரண்டு பேரையும் நிற்க வைத்து ஏசி, வெளியே போகிற பாஸை நிறுத்திவிட்டார். எமர்ஜென்சி முடிவதற்குள் பாலு தூரத்தில் ராசா என்கிற ஊரில் பெண் கட்டி, வேலையும் அங்கேயே பார்த்துக்கொண்டான். மறு ரேஸ் நடக்கவே இல்லை.

ஆனால் அந்த வாய் மட்டும் ஓயவில்லை. கல்யாண வீடு, கருமாதி வீடு, எங்கே பார்த்தாலும் "அன்னைக்குக் காத்து இல்லலா". என் மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரை உட்கார வைத்து முழுக் கதையும் சொன்னான்... அவன் ஜெயித்த மாதிரி!

வயதான காலத்தில் ஒரு ரேசிங் சைக்கிள் வேறு வாங்கினான். அதில் பவர் மீட்டர். மிதிக்கிற பலத்தை வாட்ஸில் காட்டுமாம்.

தன் மகன் காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்து மலாவத்தியைச் சுற்றுவான். என் வீடு கூப்பிடு தூரம், வந்து ஒரு வாய் காபி குடிக்கமாட்டான். வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் மட்டும் வரும்.

ஒரு நாள் வாய்ஸ் மெசேஜ். "டேய், வெறும் பலத்தப் பாக்கக் கூடாதாம். பலத்த ஒடம்பு எடையால வகுக்கணுமாம். அப்படிக் கணக்குப் போட்டா அன்னைக்கு நாந்தான் பர்ஸ்ட்டு."

எனக்கு பிபி ஏறிவிட்டது. பலம் எதற்கு என்று கேட்டவன், பலத்தை வைத்தே என்னைத் தோற்கடிக்கிறான்!

போன வாரம் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கட்டிலில் ஆளே தெரியவில்லை. மூக்கில் டியூப்... எனக்கு மனசு கேட்கவில்லை. காதருகே குனிந்து சொல்லிவிட்டேன்.

"சரிடா. நீதான் ஜெயிச்ச."

கண்ணைத் திறந்தான். கையைப் பிடித்துக்கொள்வான் என்று பார்த்தால்...

"சாட்சி வேணும்," என்கிறான். "மிஸ்ஸியக் கூப்புடு."

அந்த மலாய் நர்ஸ் பாவம், வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். ரேஸில் ஜெயித்தது இவன்தான் என்று அவரிடம் நான் மலாயில் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் "ஓ... பாகுஸ்!" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

பாலு சிரித்தான். பல் இல்லாத வாயைத் திறந்து அப்படி ஒரு சிரிப்பு.

அதுதான் நான் கடைசியாகப் பார்த்தது.

நாளை பகல் ராசாவில் எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் வந்துவிடுங்கள்.

டேய் பாலு... ஆஸ்பத்திரியில் சொன்னது பொய். ஜெயித்தது நான்தான். முடிந்தால் எழுந்து வந்து இல்லை என்று சொல்லு.

சொல்லேன்டா...

சரி. போய்ட்டு வா.