மீன்கொத்தி ஷேடு

என் ரவிக்கை எதுவும் எந்தப் புடவைக்கும் பொருந்தியதில்லை. கடையின் ட்யூப்லைட்டில் கூடப் பிறந்தவை போலத் தெரியும் இரண்டும், வீட்டு வாசல் வெயிலுக்கு வந்ததும் முன்பின் அறியாதவர்கள் ஆகிவிடும். வெளியூரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். திருப்பூரில் மட்டும், "நீங்க அந்தக் கலர் மாஸ்டரோட அண்ணன் பொண்ணுதானுங்களே?" என்று ஒருமுறை உறுதி செய்துகொண்டு, நாகரிகமாகப் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அந்தக் கலர் மாஸ்டர் என் சித்தப்பா. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை. எங்கள் பக்கத்தில் ஓடையைப் பள்ளம் என்றுதான் சொல்வோம். எண்பதுகளின் கடைசியில் அந்தப் பள்ளத்தின் கரையில் புதிதாக ஒரு சாயப்பட்டறை வந்தது. கொஞ்ச நாளில் சித்தப்பா அங்கே கலர் மாஸ்டராகச் சேர்ந்தார். பனியன் துணிக்கு எந்த நிறம் கேட்டாலும், எந்தச் சாயத்தில் எவ்வளவு என்பதைக் கண்ணாலேயே சொல்லிவிடுவார். பட்டறையில் தராசும் இருந்தது. அவர் சொன்னது சரிதான் என்று மற்றவர்கள் தெரிந்துகொள்வதற்காக அதை வைத்திருந்தார்கள்.

மனிதர்களின் பெயர் அவருக்கு நினைவில் நிற்காது. அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்த நாட்களில் வந்து போன அத்தனை பேரையும், "அந்த வெளுத்த மெரூன்காரரு", "அந்தப் பாசிப்பச்சைக்காரரு" என்று சட்டையை வைத்தே குறிப்பிட்டார். கடைசியில் அத்தையை மணந்துகொண்டவர் இன்றைக்கும் எங்கள் வீட்டில் சந்தனக்கலர் மாமாதான்.

பட்டறைப் பேச்சிலேயே வளர்ந்த வீடு என்பதால் எனக்கும் ஒரு விஷயம் தெரியும். பருத்திக்குப் போடுகிற சாயம் பருத்தியில் மட்டும்தான் ஏறும். பாலியஸ்டர் நூலில் தைத்த துணியைச் சாயத்தில் முக்கினால், துணி நிறம் மாறும், தையல் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு வெள்ளையாக நிற்கும். எனக்கு ஏழாம் வாய்ப்பாடு எத்தனை அடித்தாலும் மண்டையில் ஏறவில்லை என்று வாத்தியார் வீடு தேடி வந்து புகார் சொன்னபோது, அப்பா பெல்ட்டைத் தேட, சித்தப்பாதான் குறுக்கே புகுந்தார்.

"புள்ள பாலியஸ்டருங்க சார். ஏறாதுங்க. அது மேல தப்பில்லீங்க."

வாத்தியார் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இப்படிப்பட்ட மனிதரின் பிழைப்பில்தான் நான் ஒருநாள் மண்ணைப் போட்டேன்.

பட்டறை முதலாளிக்குக் காதர்பேட்டையில் ஆபீஸ். அங்கே வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. கடிதத்தின் மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு நீலத் துணித்துண்டைப் பின் குத்தி வைத்திருந்தார்கள். இதே நிறத்தில் மாதிரி சாயம் போட்டு அனுப்பினால் ஆர்டர் உங்களுக்கு என்று எழுதியிருந்தது. சித்தப்பாவுக்கு முன்பு இருந்த மாஸ்டர் அதே கம்பெனிக்கு அனுப்பிய இரண்டு மாதிரிகளும் திரும்பி வந்திருந்தன. மூன்றாவதும் திரும்பினால் பம்பாயிலிருந்து வேறு மாஸ்டரைக் கொண்டுவந்துவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டாராம். அன்று ராத்திரி கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்துக்கொண்டே சித்தப்பா அம்மாவிடம் சொன்னார்:

"இது ஆகலீன்னா நான் பல்லடத்துல கோழிப்பண்ணைக்குத்தானுங் போகோணும் அண்ணி. முட்டை பொறுக்க."

"போங் தம்பி. முட்டைக்கு ஒரே ஷேடுதான். உங்களுக்குச் சிரமமே இருக்காது" என்றாள் அம்மா.

அவிநாசித் தேரின்போது வாங்கிய பிளாஸ்டிக் பொம்மை ஒன்று என்னிடம் இருந்தது. அதற்குப் பாவாடை கிடையாது. மறுநாள் மத்தியானம் அலமாரியைத் திறந்தவள், தீப்பெட்டி அளவு நீலத்துண்டைப் பார்த்தேன். கடவுளாகப் பார்த்து அளவெடுத்து அனுப்பியது போலிருந்தது. புதுத்துணியைத் துவைக்காமல் உடுத்தக்கூடாது என்பது அம்மா சட்டம். ஆகவே சலவைச் சோடாவில் ஊறவைத்து, கசக்கி, ஓட்டின் மேல் வெயிலில் இரண்டு நாள் காயப்போட்டேன். எடுத்துப் பார்த்தால் அது ஆஸ்பத்திரிச் சுவர் நிறத்தில் இருந்தது. இருந்தாலும் பொம்மைக்குக் கட்டிவிட்டேன்.

சித்தப்பா பொம்மையைக் கையில் வாங்கி, வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சோடாவா கண்ணு, வெயிலா?"

"ரெண்டுமேங்" என்றேன்.

தலையாட்டினார். அடிக்கவில்லை. தொழில்முறையில் அந்தப் பதில் அவருக்குத் திருப்தி அளித்தது என்று நினைக்கிறேன். அம்மா அடித்தாள்.

துண்டு தொலைந்தது என்று முதலாளியிடம் போய்ச் சொன்னால் அன்றைக்கே கோழிப்பண்ணைதான். துண்டைச் சித்தப்பா ட்யூப்லைட்டில் பார்த்ததோடு சரி, வெயிலில் பார்த்திருக்கவில்லை. மிச்சமிருந்தது கடிதம் ஒன்றுதான். அதில் அந்த நிறத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் தட்டச்சு செய்திருந்தது. அப்பா அகராதியை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, "மீன்கொத்தி" என்றார்.

"அட, நம்ம பள்ளத்து ஆளுங்களா!" என்றார் சித்தப்பா. பாதி உயிர் திரும்பி வந்துவிட்டது.

பள்ளத்தின் குறுக்கே ஒரு சின்னத் தடுப்பணை. அதில் தேங்கிய தண்ணீர் மேல் ஒரு வேலமரக்கிளை நீட்டிக்கொண்டிருக்கும். மீன்கொத்தியின் ஆபீஸ் அது. விடிந்ததும் வந்துவிடும். சித்தப்பாவும் மறுநாள் விடிந்ததும் போய் உட்கார்ந்தார். குற்றவாளி என்ற முறையில் நானும் கூடப் போனேன். உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பறவையைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தவிட்டுத் தலை, வெள்ளை மார்பு, நீண்ட சிவப்பு மூக்கு. மடக்கிய இறக்கையில் கொஞ்சம் நீலம். திடீரென்று கல் விழுந்த மாதிரி தண்ணீருக்குள் விழும். கெண்டைக்குஞ்சைக் கவ்விக்கொண்டு எழும்போது இறக்கை விரியும் பாருங்கள், அந்த ஒரு நொடிக்குப் பள்ளமே பற்றி எரிகிற மாதிரி ஒரு நீலம்.

"பாத்தியா சாமி? உக்காந்தா ஒண்ணு, பறந்தா ஒண்ணு. நமக்குப் பறக்கறதுதான் வேணும்" என்றார் சித்தப்பா.

பட்டறையில் துணி அலசுகிற அண்ணன் ஒருவர், இதற்கு ஏன் இத்தனை பாடு என்று உண்டிவில்லோடு வந்தார். "அடிச்சு எறக்கிரலாமுங்க மாஸ்டர். கையில வெச்சுப் பாத்துக்கலாம்."

சித்தப்பா கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். "உசுரு போனா கலரும் போயிரும். எடுத்துட்டுப் போய்யா அக்கட்ட!"

அவர் கையில் ஒன்றும் இல்லாமல்தான் பார்த்தார். பார்த்ததைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டு, வழியில் வேறெதையும் பார்க்காமல், தலையைக் குனிந்தபடி வீட்டுக்கு வருவார். நான் முன்னால் நடந்து, எதிரே வருகிறவர்களை ஒதுக்கிவிடுவேன். சாமி ஊர்வலம் மாதிரி இருக்கும். வந்ததும் எங்கள் சமையலறை பம்ப் ஸ்டவ்வில் எவர்சில்வர் தம்ளரை வைத்துத் துணித்துண்டுகளுக்குச் சாயம் காய்ச்சுவார். பட்டறையில் காய்ச்சினால் துண்டு தொலைந்த கதை வெளியே வந்துவிடுமே. ஒருநாள் ரசம் நீலமாக வந்தது.

"ஏனுங் தம்பி, இது ஓகே ஆன ஷேடா, திரும்பி வந்ததா?" என்று கேட்டபடி அம்மா அப்பாவுக்குப் பரிமாறினாள். அப்பா பேப்பர் படித்துக்கொண்டே பிசைந்து சாப்பிட்டுவிட்டார்.

எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, மீன்கொத்தி எழுந்து பறந்த நொடியில் சித்தப்பா ஈரத் துணித்துண்டு ஒன்றை உயர்த்திப் பிடித்தார். பறவை எங்கே முடிந்தது, துணி எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை நான் நேரில் பார்த்த மகா மேதைமை அந்த ஒரு நொடிதான். பிறகு புத்தகங்கள் படிக்கிற கெட்ட பழக்கம் வந்தபோது தெரிந்துகொண்டேன், மீன்கொத்தியின் இறகில் நீலச்சாயம் என்று ஒன்றுமே கிடையாதாம். எல்லாம் இறகுக்குள் வெளிச்சம் பட்டுத் தெறிக்கிற வேலையாம். அங்கே இல்லவே இல்லாத ஒரு சாயத்தைப் பார்த்து, அதே போலக் காய்ச்சியிருக்கிறார் மனிதர்.

மாதிரி போயிற்று. கொஞ்ச நாளில் சரி என்று பதில் வந்தது. முதலாளி வீட்டிலிருந்து லட்டு வந்தது. தெருவெல்லாம் பேச்சு. என் பொம்மை மறுபடியும் பாவாடையில்லாமல் ஆகியிருந்தது, ஆனால் எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது.

ஆர்டர் பெரியது. பட்டறை பகலும் இரவும் ஓடியது. அலசிய தண்ணீர் பின்பக்கக் கால்வாய் வழியாகப் பள்ளத்துக்குத்தான் போகும். அதற்கு முன்பும் நிறம் வந்ததுண்டு, மெல்லிய கோடாக ஒருநாள் தக்காளி, ஒருநாள் புல். வந்து, கலைந்து, போய்விடும். "ஐப்பசி மழை ஒண்ணு விழுந்தா எல்லாத்தையும் அடிச்சுட்டு நொய்யலுக்குப் போயிருமுங்க" என்பார்கள். அந்த வருஷம் ஐப்பசி மழை வரவில்லை. ஏதோ ஒரு வருஷத்துக் கோளாறு என்று நினைத்தோம். தடுப்பணைத் தண்ணீர் முதலில் ஓரத்தில் நீலமானது, அப்புறம் நடுவில், அப்புறம் முழுக்க.

நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினேன். "எங்க சித்தப்பா போட்ட கலரு! மீன்கொத்திக் கலரு!" பள்ளம் முழுதும் ஒரே பறவை இறக்கையை விரித்துப் படுத்திருப்பது போல இருந்தது. அவ்வளவு அழகான தண்ணீரை அதற்கப்புறம் நான் பார்த்ததில்லை.

அந்தப் பறவைக்கு மட்டும் பிடிக்கவில்லை. கிளையில் உட்கார்ந்து கீழே பார்க்கும். விழாது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டுப் போய்விடும். பிறகு ஒருநாள் வரவேயில்லை. எனக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. எங்கும் தன் நிறமாகவே இருந்தால் பாவம், தன் இடம் எது என்று அதற்கு எப்படித் தெரியும்? அடையாளத்துக்காக, ஆர்டரில் கழித்த துணி ஒன்றைக் கிழித்து அந்தக் கிளையில் கட்டினேன். காற்றில் அது நன்றாகவே பறந்தது.

சித்தப்பா மட்டும் தினமும் விடிந்ததும் வந்து அங்கே உட்கார்ந்தார். மாதிரிதான் ஓகே ஆகிவிட்டதே, இன்னும் என்ன பார்க்கிறார் என்று நினைத்தேன். நான் கட்டிய துணியைப் பார்த்தார். அவிழ்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிள் கேரியரில் அலுமினியக் குண்டா ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். அவிநாசிப் பக்கம் ஏதோ குளத்திலிருந்து பிடித்து வந்த கெண்டைக்குஞ்சுகள் அதற்குள் துள்ளிக்கொண்டிருந்தன.

"எதுக்குங் சித்தப்பா?"

"தீனி இருந்தா வந்துருமல்ல கண்ணு."

குண்டாவை மெதுவாகச் சாய்த்தார். அத்தனையும் வழுக்கிக்கொண்டு நீலத்துக்குள் போய் மறைந்தன. நாங்கள் இருவரும் காத்திருந்தோம். அவர் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் தண்ணீரை. கொஞ்ச நேரத்தில் ஒன்று மேலே வந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் பரபரவென்று நிறைய. எல்லாம் ஒருக்களித்து, வயிற்றைக் காட்டிக்கொண்டு, அவ்வளவு நீலத்துக்கு நடுவே ஒரு சொட்டு நீலம் படாமல், பளிச்சென்று வெள்ளையாக.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தேன். சாயம் பிடிக்கவில்லையே என்று வருத்தப்படுகிறார் என்று புரிந்துகொண்டேன். எனக்காக ஒருமுறை அவர் பேசியதை அவருக்காக நான் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

"மீனெல்லாம் பாலியஸ்டருங் சித்தப்பா. அது மேல தப்பில்லீங்க."

திருப்பூரிலேயே கூர்மையான அந்தக் கண்கள் வெகுநேரம் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ஆமாங் கண்ணு" என்றார். "அது மேல தப்பில்ல."

சரியாகச் சொல்லிவிட்டோம் என்ற பெருமையில், காலிக் குண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அம்மாவிடம் சொல்ல வீட்டுக்கு ஓடினேன்.