கறுப்புத் துணி வாங்கிய மகள்

அன்று மாலை ஐந்தே கால் மணிக்கு மகள் ஸ்டெல்லாவின் பெட்டியைத் திறந்தேன். முந்தின வாரம் அதில் பார்த்த கறுப்புத் துணியைக் காணவில்லை. துக்க வீட்டுக்கு நான் போட்டுக்கொள்ளும் கறுப்பு லேஸ் முக்காடும் அலமாரியில் இல்லை.

கார்த்திகையில் குமுளிக் கடைகளில் கறுப்பு வாங்குகிறவர்கள் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள்தான். நாங்களோ கிறிஸ்தவர்கள். பக்கத்து வீட்டு ரோஸம்மாவிடம் சொன்னேன்.

"மாலை போட்ட பையன் எவனுக்கோ எடுத்துக் குடுத்திருக்கா, டீச்சர். அவன் மலையிறங்கினதும் கல்யாணந்தான், பாருங்க" என்றாள்.

கம்பத்தில் தட்டச்சு படிக்கும் ஸ்டெல்லா வழக்கமான பஸ்ஸில் வரவில்லை. அவள் தலையணை உறையைக்கூட உதறிப் பார்த்தேன். அந்தப் பையனுக்கு என் முக்காடு எதற்கு என்பது மட்டும் விளங்கவில்லை.

இருட்டும் நேரத்தில் வாசலில் வந்து நின்றாள். கறுப்பு பெல்பாட்டம், கறுப்புச் சட்டை. கழுத்திலும் கைநுனியிலும் என் முக்காட்டு லேஸ். மார்பில் பெரிய சிலுவை. எஸ்டேட் மேனேஜர் வீட்டிலிருந்து வாங்கிவந்த இங்கிலீஷ் பத்திரிகையில் இப்படி ஒரு படத்தை அவள் காட்டியபோது நான் சரியாகப் பார்க்கவேயில்லை.

பிள்ளையைச் சந்தேகிக்க எவ்வளவு சீக்கிரம் துணிந்துவிட்டேன்!

"ஒனக்குத்தான் மொதல்ல காட்டணும்னு தையக்கடையிலயே மாத்திட்டு வந்தேம்மா" என்றாள். "பஸ்ல சாமிமாருங்க கறுப்பைப் பாத்துட்டு எந்திரிச்சு எடமே குடுத்தாங்க. நீ ஏம்மா இப்படிப் பாக்க?"