நாயின் கழுத்தில் போட்ட மாலை

ஒஸ்லோவில் ஒரு ஹோட்டலுக்கு வைன் தெரிவு செய்வது என் வேலை. நேற்று ஒரு பிரெஞ்சுக் கிழவர் விற்பதற்காகத் தன் போத்தலைத் திறந்தார். நசுங்கிய திராட்சையும் ஈரக் களிமண்ணும் மணத்தன. போத்தலில் நான் சிறுவயதில் இருந்த ஊரின் பெயர் இருந்தது.

போர்தோவுக்குத் தெற்கே, ஒரு தேவாலயமும் ஒரு பாண்கடையும் மட்டுமே உள்ள சிற்றூர். அங்கே அப்பா திராட்சை வெட்டினார். அறுவடையின் கடைசி வண்டி வரும்போது வேலையாட்கள் முதலாளிக்குப் பூங்கொத்துக் கொடுப்பார்கள். பூக் கொடுக்க வேண்டும் என்றதும் அப்பா தனக்குத் தெரிந்ததைச் செய்தார். செவ்வந்தியில் மாலை கட்டி முதலாளியின் கழுத்தில் போட்டார். முதலாளி அதைக் கழற்றித் தன் நாய்க்குப் போட்டார். விருந்து மேசை முழுவதும் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அவரைச் சிரிக்க வைத்ததைத்தான் நான் மன்னிக்கவேயில்லை.

"அவையள் பகிடிக்குச் செய்யினம். நீ சாப்பிடு பிள்ளை," என்றார் அப்பா என்னிடம்.

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். நேற்று வந்த கிழவர்தான் அந்த முதலாளி; அவருக்கு என்னைத் தெரியவில்லை. ஒரு வாய் சுவைத்துத் துப்பினேன்.

"வேண்டாம்."

"ஏன் மதாம்?"

"உங்கள் நாய்க்குப் போட்ட மாலை என் அப்பா கட்டியது," என்று அவருடைய ஊர்ப் பிரெஞ்சிலேயே சொன்னேன். அவர் தக்கையைத் தலைகீழாகச் செருகிக்கொண்டு போனார்.

பின்னேரம் ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் அப்பாவிடம் சொன்னேன்.

"வைன் கூடாதோ?"

"இல்லையப்பா, திறம் வைன்."

"பிறகேன் வேண்டாமெண்டனி?"

"கூடாத வைனை வேண்டாமெண்டுறது என்ர வேலையப்பா. இதை வேண்டாமெண்டது உங்கட மாலைக்கு."