பேராச்சியின் சாக்பீஸ்

தாராவியில் எங்கள் சந்தில் யார் வீட்டில் யார் இருமுகிறார்கள் என்பது பேராச்சிக்குத் தெரியும். ஒரு தொண்டு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய் காசநோய்க் கணக்கு எடுப்பவள் அவள். வெளியாள் கேட்டால் வாய் திறக்காத பெண்கள், ஊர்க்காரி என்பதால் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினார்கள். அவள் அதைப் போனில் ஏற்றினாள். இருமல் பதிவாகிற சந்துக்குத்தான் எக்ஸ்ரே வண்டி வரும். முதல் கணக்கில் ஒன்பது வீடு. வண்டி வந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். வண்டிக்காரர்கள் வீடு தெரியாமல் அலைகிறார்களே என்று, போலியோ சொட்டு மருந்துக்காரர்களைப் போல அந்த ஒன்பது கதவிலும் சாக்பீஸால் வட்டம் போட்டாள். நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்தில் இடி விழ!

வட்டம் விழுந்த கதவுகளில் விஜயராணியுடையதும் ஒன்று. அவள் மாட்டுங்காவில் ஒரு வீட்டில் சமையல் செய்தாள். அவளுடைய எதிர்வீட்டுக்காரி அதே கட்டடத்தில் பாத்திரம் தேய்ப்பவள். வட்டத்தைப் பற்றி அவள் அங்கே சொல்ல, மறுநாளே விஜயராணியை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். பிறகு எக்ஸ்ரேயில் அவளுக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. அதை யார் கேட்டார்கள்?

"ஒங்கிட்ட வாயத் தொறந்தேம் பாரு மைனி, என்னயச் செருப்பால அடிக்கணும்" என்றாள் பேராச்சியிடம்.

ஆறு மாதம் கழித்து அடுத்த கணக்கு. வீட்டில் இருமல் இல்லை என்று எல்லோரும் ஒரே பதில் சொன்னோம். மாமியார் உள்ளே இருமிக்கொண்டிருக்க, நானும் இல்லை என்றுதான் சொன்னேன்.

"ஒருத்தராவது சொல்லுங்கட்டி. இல்லன்னா எக்ஸ்ரே காடி வராது" என்று கெஞ்சினாள்.

கடைசியாக அவள் வீடு. புருஷன் நாகராஜ் தோல் பட்டறையில் வேலை பார்ப்பவன். இரண்டு மாதமாக இருமல். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் நாள்கூலி போகும் என்று வண்டிக்காகக் காத்திருந்தான். மகள் பானுமதியைப் பெண் பார்க்க முலுண்டிலிருந்து மறுவாரம் வருகிறார்கள். பேராச்சி 'இல்லை' என்று ஏற்றினாள்.

சந்தின் கணக்கு பூஜ்யம். வண்டி வேறு சந்துக்குப் போய்விட்டது.

"காடி எப்பம்ட்டி வரும்?" என்று தினமும் கேட்டான் நாகராஜ்.

"வரும், வரும்" என்றாள் அவள்.

அவன் ரத்தமாகக் கக்கிய பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதினோராம் நாள் பிணமாகத்தான் வந்தான். முலுண்டுக்காரர்கள் துக்கத்துக்குக்கூட வரவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் பேராச்சி தன் கதவில் தானே வட்டம் போட்டாள். எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் விஜயராணி.

"இப்பம் யாருக்கு மைனி வட்டம்? காடி வாரது உசுரோட இருக்கவனுக்குல்லா?"

பேராச்சி சாக்பீஸைக் கீழே போடவில்லை. நாங்கள் யாரும் விஜயராணியை அதட்டவும் இல்லை.